எட்டடிக்கு நாலடி ஊர்

நூலகத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் பேப்பர் கேட்பார்கள், போட்டித் தேர்வுப் புத்தகம் கேட்பார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். அவர் ஒருவர்தான் ஸ்டூல் கேட்டார்.

செஞ்சிக்கு மாற்றலாகி வந்த நான்காவது நாள் அது. காலை பத்து மணி இருக்கும். வெள்ளை வேட்டி, மேலே வெளுத்துப்போன காக்கி அரைக்கைச் சட்டை, அறுபதை ஒட்டிய ஒல்லியான ஆள். கையில் ஒரு கூடை. என் மேசைக்கு முன்னால் நின்று, "மேடம், அந்த ஸ்டூல எடுத்துக்கறேன்" என்றார். கேட்டார் என்று நான் மேலே எழுதியது தப்பு. சொன்னார், அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலைக் கொண்டுபோய் நாளிதழ் மேசைக்குப் பின்னால் சுவரோரம் போட்டு ஏறிவிட்டார். கூடையிலிருந்து ஒரு சின்ன டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தின் மேல் எதையோ பூச ஆரம்பித்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலும் சொல்வார்கள், ஆபீஸிலும் சொல்வார்கள். "யாருங்க நீங்க? மொதல்ல கீழ எறங்குங்க" என்று கத்தினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நூலகத்தைக் கூட்டிப் பெருக்குகிற பச்சையம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார். எனக்கு முன்னால் மூன்று நூலகர்களைப் பார்த்தவர் அவர். "சும்மா இருங்க மேடம். அது அவரு போட்ட படம்தான்" என்று காதோரம் சொன்னார். "யாருனா செத்துருப்பாங்க."

செத்ததற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புரிய எனக்கு இரண்டு மூன்று மாதம் ஆனது.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டடி நீளம், நாலடி உயரம். கடையில் விற்கிற முழு பிளைவுட் பலகை, அறுக்காமல் அப்படியே. அதன் மேல் எனாமல் பெயின்ட். பின்னால் மூன்று மலை, அவற்றின் மேல் மதில். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற கோட்டை மாதிரி இருக்காது. கோட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பலகையில் முக்கால்வாசி ஊர்தான். திண்டிவனம் ரோடு, பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வரிசை, நூலகத்துக்கு எதிரில் ஏழுமலை டீக்கடை, மொட்டை மாடிகளில் காயும் வேர்க்கடலை, கொடியில் தொங்கும் நைட்டி. எல்லாமே உயரத்திலிருந்து பார்த்தபடி இருக்கும்.

அவர் கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரைக் கம்பத்து உச்சியிலிருந்து முப்பது வருடம் பார்த்திருக்கிறார். யார் வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்பது வீட்டுக்காரரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். படம் போடக் கற்றுக்கொண்டதும் கம்பத்தில்தானாம். கம்பங்களுக்கு நம்பர் எழுதக் கொடுத்த பெயின்ட்டில் மிச்சமிருப்பதை வைத்து, நம்பருக்குப் பக்கத்தில் ஒரு காக்கா போடுவாராம். சிங்கவரம் போகிற வழியில் இன்னும் இரண்டு மூன்று கம்பங்களில் அந்தக் காக்காவை நானே பார்த்திருக்கிறேன். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஆர்டிஸ்ட்டு என்பார்கள்.

படத்தில் ஆட்கள் இருந்தார்கள். கட்டைவிரல் உயரத்துக்கு ஒவ்வொருவரும் நின்றார்கள், நடந்தார்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். எல்லாரும் நிஜ ஆட்கள். முகம் ஒரு கடுகளவுதான் இருக்கும், ஆனாலும் நிற்கிற நிலையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடலாம். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிறவர்கள் பஸ் வரும்வரை உள்ளே வந்து படத்தில் தங்கள் சொந்தக்காரர்களைத் தேடுவார்கள். "தோ பாருடி, நம்ம பெரிம்மா" என்பார்கள். அதற்கு மேல் ஒரு புத்தகத்தையும் தொட மாட்டார்கள்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. ஊரில் இருக்கிறவர்கள்தான் படத்தில் இருக்க வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்தால் சேர்ப்பார். குழந்தை பிறந்தால் அம்மா இடுப்பில் ஒரு புள்ளி வைப்பார். வீட்டைக் காலி செய்துகொண்டு போனால் அழிப்பார். செத்தாலும் அழிப்பார். அழிப்பது என்றால் சுரண்டுவது இல்லை. ஆள் நின்ற இடத்தில் பின்னால் என்ன இருக்குமோ, ரோடோ சுவரோ, அந்த நிறத்தைப் பூசிவிடுவார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆளு இல்லாத வூட்டுக்கு லைன் வுடக் கூடாது மேடம். கட் பண்ணிடணும். சும்மா வுட்டு வெச்சா யாருனா தெரியாம கைய வெப்பாங்க."

"அது கரண்டு. இது படம்தான?"

"அதேதான்" என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷைத் துடைத்தார். அவரிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் கிடைக்கும்.

நான் கத்திய அந்த முதல் நாளில் அவர் அழித்தது டீக்கடை ஏழுமலையின் மனைவியை. கடை வாசலில் குனிந்து கிளாஸ் கழுவுகிற மாதிரி அந்த அம்மா இருந்தாராம். காரியம் முடிந்த அன்றே ஏழுமலை ஆர்டிஸ்ட்டு வீட்டுக்குப் போய்க் கெஞ்சியிருக்கிறார். "அண்ணே, அவள மட்டும் வுட்டுடுண்ணே. காலைல டீ குடுக்க வரும்போது ஒரு தபா பாத்துக்குவன்." ஆர்டிஸ்ட்டு யோசித்துவிட்டு, "கடைய நல்லா பண்ணிருக்கேன், அத வுட்டுர்றேன்" என்றாராம். இதை எனக்குச் சொன்ன பச்சையம்மாவுக்கு சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "கல்லு மனசு மேடம் அந்தாளுக்கு" என்று முடித்தார்.

எனாமல் பெயின்ட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசினால் அந்த இடம் கொஞ்சம் மேடு தட்டும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஏழுமலை அதைக் கண்டுபிடித்துவிட்டார். தினமும் காலை எனக்கு டீ வைத்துவிட்டு, படத்தருகே போய், தன் கடை வாசலில் ஒரு விரலை வைத்துத் தடவிவிட்டுப் போவார். "அடியிலதான் இருக்குறா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். படத்தைத் தொடாதீர்கள் என்று நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். ஏழுமலையை மட்டும் நான் ஒன்றும் சொன்னதில்லை.

கல்லு மனசு என்று பச்சையம்மா சொன்னதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தப் படத்தில் ஆர்டிஸ்ட்டு முதன்முதலில் அழித்தது அவருடைய சொந்த மனைவியையாம். பதினாறாம் நாள் முடிந்த கையோடு நூலகத்துக்கு வந்து ஸ்டூலைப் போட்டிருக்கிறார். "பாப்பா கூட வந்து நின்னுச்சு மேடம். ப்ளஸ் டூ படிச்சினு இருந்துச்சு. அம்மாவ அழிக்கறத பாத்துச்சு. ஒரு வார்த்த பேசல." பாப்பா என்றது அவருடைய ஒரே மகளை.

எல்லாமே இப்படித் துக்கமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். சிங்கவரத்துக்காரர் ஒருவர் பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவில் வருவார். அவர் வந்த மறுநாள் படத்தில் சைக்கிள் பக்கத்தில் பச்சை பேன்ட்டோடு ஒரு ஆள் முளைப்பார். லீவு முடிந்து ரயில் ஏறிய மறுநாள் காணாமல் போவார். போட்டு அழித்து, போட்டு அழித்து, அந்த இடம் அடை மாதிரி தடித்துவிட்டது. ஒரு லீவில் அந்த மனிதரே வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, வருசா வருசம் தொப்ப போடுது" என்றார். ஆர்டிஸ்ட்டு சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

எனக்கு முன்னாலிருந்த நூலகர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். இருப்புப் பதிவேட்டில் படத்தைச் சேர்த்து, விவரம் என்கிற கட்டத்தில் 'செஞ்சி நகரத் தோற்றம், ஆட்கள் நூற்றுப் பதினொன்று' என்று எழுதிவிட்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி பொறுமையாக நின்று எண்ணினார். நூற்று ஆறுதான் இருந்தது. ஐந்து பேர் எங்கே என்று எழுத்துமூலமாக விளக்கம் கேட்டார். நானும் எழுதிக் கொடுத்தேன்: இறப்பு நான்கு, குடிபெயர்வு மூன்று, பிறப்பு இரண்டு. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் நான் படத்தில் இல்லை. தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை, "தினமும் இங்கதான உக்காந்துகினு இருக்கறேன், என்னைய போட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "சாயங்காலம் போயிடறீங்களே" என்றார். பிறகு அலைச்சல் தாங்காமல் செஞ்சியிலேயே ஒரு வீடு பார்த்துக் குடிவந்தேன். அவரிடம் நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஸ்டூல் போட்டார். படத்தில் நூலகத்தின் நீல ஜன்னலுக்குள் ஒரு மஞ்சள் புடவை உட்கார்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடி கூட வைத்திருந்தார். அன்று முழுக்க நான் யாரையும் திட்டவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இனி மகள் விஷயம்.

பாப்பா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஹாஸ்டலில் இருந்தாலும் சனிக்கிழமை தவறாமல் ஊருக்கு வந்துவிடுவாள். வந்ததும் நூலகத்துக்கு வந்து நாலு நாவல் எடுத்துக்கொண்டு போவாள். படத்திலும் அப்படித்தான் இருந்தாள், நூலகப் படிக்கட்டில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. வாராவாரம் வருகிறாள் என்பதால் விதி அவளை விட்டு வைத்திருந்தது.

அவள் கூட வேலை செய்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. பயந்துகொண்டு முன்கூட்டியே சொல்லவில்லை. பதிவு முடிந்த பிறகு போன் செய்திருக்கிறாள். "நைனா, கல்யாணம் பண்ணிக்கினேன். இனிமே எனக்கு வூடு இங்கதான்" என்று சொல்லி அழுதிருக்கிறாள். இவர் "சரி பாப்பா, நல்லா இரு" என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார். மனதில் கோபம் வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இல்லை.

மறுநாள் காலை வந்தார். ஸ்டூல் போட்டார். படிக்கட்டு நிறத்தைக் கலந்து மகளைப் பூசி மூடினார். நான் பக்கத்தில் நின்று டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஊரில் இல்லை, அழிக்கிறார். பட்டாளத்துக்காரருக்கு நடந்ததுதான் இவளுக்கும் என்று நினைத்தேன்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வரை பேச்சு போய்விட்டது. மகள் வேறு சாதியில் கட்டிக்கொண்டாள், அப்பன் அவளை லைப்ரரி படத்திலிருந்தே அழித்துவிட்டான், தலைமுழுகிவிட்டான். சிலர் மெச்சிக்கொண்டார்கள், சிலர் காறித் துப்பினார்கள். யாரோ ஒருவன் வெறும் படிக்கட்டை போட்டோ எடுத்து, பாப்பாவோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். சாயங்காலம் பாப்பா எனக்கு போன் செய்தாள்.

"மேடம், ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. நைனா என்னைய அழிச்சிட்டாரா?"

"ஆமாம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் உத்தியோகத்தின் பழக்கம். ஏன் அழித்தார் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாய் நீளம் என்று பெயர் வாங்கிய நான், பேச வேண்டிய ஒரு இடத்தில் ஒரே ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

ஒரு சனிக்கிழமையும் அவள் வரவில்லை. அவருடைய போனை எடுக்கவும் இல்லை. நான்கு மாதம் கழித்து நானே கூப்பிட்டு, இது வழக்கம்தானே, எல்லாரையும்தானே அழிக்கிறார் என்று நைசாகப் பேசிப் பார்த்தேன். "எங்கம்மா செத்தப்போ அழிச்சாரு மேடம். பக்கத்துல நின்னு பாத்தவ நான். என்னையும் அதே மாதிரி அழிச்சிருக்காரு. அப்ப நானும் செத்துட்டேன்னுதான அர்த்தம்?" என்றாள். "மறுபடியும் என்னைய அங்க போடட்டும். அன்னிக்கே வரேன்."

அவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவே இல்லை.

"நான் இன்னா மேடம் தப்பு பண்ணேன்? வூடு இங்கதான்னு அவதான சொன்னா?"

"அவ மனசு கஷ்டப்பட்டுக்கறா. திருப்பிப் போட்டுடுங்களேன்."

"வரட்டும். வந்தான்னா அன்னிக்கே போடறேன்."

போட்டால் வருவாள். வந்தால் போடுவார். நடுவில் நான். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே பிடிவாதம். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அவர் மெலிந்துகொண்டே போனார். வீட்டில் ஒருவேளைதான் சமைக்கிறார் என்று பச்சையம்மா சொன்னார். படத்துக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் வந்து நாளிதழ் மேசையில் உட்காருவார். பேப்பர் விரித்தபடி இருக்கும், கண் படிக்கட்டில் இருக்கும்.

ஒருமுறை நானே ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்தேன். "சும்மா ஒரு நாளைக்கு அவளப் போடுங்க. நான் போட்டோ எடுத்து அனுப்பறேன். அவ கெளம்பி வந்துடுவா. வந்ததுக்கப்புறம் அது நெஜம்தான?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. லைனில் கொக்கி போட்டுக் கரண்டு திருடுகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்த பார்வை. "மேடம், படிச்சவங்க நீங்க" என்றார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

பாப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு போட்டோ அனுப்பினாள். அவருக்குக் காட்டச் சொல்லவில்லை, காட்ட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "காது என்னுது" என்றார். சரி, கல் கரைகிறது என்று நினைத்து, "இந்தப் புள்ளையையாவது படத்துல ஒரு புள்ளி வெச்சுடுங்க" என்றேன்.

"எங்க பொறந்துச்சு?"

"சென்னையில."

"அப்பறம் எப்டி மேடம்?"

எனக்கு வந்ததே கோபம். கையிலிருந்த பதிவேட்டை மேசையில் போட்ட சத்தத்துக்குப் பேப்பர் படித்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில், திண்டிவனம் ரோடு முடிகிற இடத்தில், ஒரு கரண்டு கம்பம் உண்டு. அதன் உச்சியில் காக்கிச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அவர்தான். அதைக் காட்டிச் சொன்னேன். "அங்கயே உக்காந்துனு இருங்க. பொண்ணு கீழ நின்னு கத்தினு இருக்கட்டும், பேத்தியும் வந்து கத்தட்டும். நீங்க மட்டும் கம்பத்த வுட்டு எறங்கிடாதீங்க."

பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த பத்து நாள் வரவே இல்லை. ஒரு கிழவரை எல்லார் எதிரிலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினோராவது நாள் நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றார். சலவை செய்த சட்டை. ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் துணிப்பை. "ஸ்டூலு எடுத்துக்கறேன் மேடம்" என்றார்.

யார் செத்தது என்று பச்சையம்மாவைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஸ்டூலைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். வானத்து நிறம் ஒன்று, மலை நிறம் ஒன்று, இரண்டையும் கலந்துகொண்டார். ஏறினார். முதலில் கம்பத்தின் மேல் குந்தியிருந்த அந்தக் காக்கி ஆளின் கால் போனது. பிறகு உடம்பு. கடைசியில் தலை. கம்பமும் கம்பியும் அப்படியே இருந்தன, மேலே ஆள் இல்லை. மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கி வந்து பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசினார்.

"எறங்கிட்டேன் மேடம்" என்றார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"பாப்பா வூட்டுக்கு."

"அவ கூப்டாளா?"

"இல்ல."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"வூட்டு லைன கட் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். முப்பது வருடம் லைன்மேனாக இருந்தவர் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

போகும்போது கூடையிலிருந்து ஒரு பழைய தைல டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தார். உள்ளே நீலப் பெயின்ட் இருந்தது. "உங்க ஜன்னலு கலரு. டிரான்ஸ்பர் வந்தா நீங்களே பூசிட்டுப் போயிடுங்க. ரெண்டு இழுப்பு போதும்" என்றார். ஏழுமலை எதிரிலிருந்து டீயோடு வந்தார். ஆர்டிஸ்ட்டு டீயைக் குடித்துவிட்டு ஏழுமலையின் தோளை ஒருமுறை தொட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோய்விட்டார்.

நான் உடனே வெறுங்கம்பத்தைப் போட்டோ எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்பினேன். ஒரு வரியும் எழுதாமல் அனுப்பினேன். அங்கேயும் என் புத்தி அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் போன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை, அழுகைதான்.

"மேடம்… நைனா… எப்ப போனாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்திலிருந்து ஒருவரை அழித்தால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான்.

"அய்யோ, பத்தரை பஸ்ஸுக்குப் போனாரும்மா" என்றேன். "உங்க வூட்டுக்குத்தான் வந்துனு இருக்காரு." பிறகு, மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அன்று சொன்னேன். "அழிச்சா ஊர்ல இல்லன்னு அர்த்தம். செத்துட்டாங்கன்னு இல்ல. வேணாம்னும் இல்ல. தலைமுழுகறதுன்னா நல்லா இருன்னு சொல்லிட்டா முழுகுவாங்க? நீ ஊர்ல இல்லன்னு அழிச்சாரு. இப்ப அவரு ஊர்ல இல்லன்னு அவரையும் அழிச்சினு வராரு. அவ்ளோதாம்மா."

"கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி வரத் தெரியாது மேடம் அவருக்கு" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டாள் போல, ஆட்டோவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த ஜூனில் எனக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் மத்தியானம் நானே ஸ்டூலைப் போட்டு ஏறினேன். தைல டப்பாவைத் திறந்தேன். மேலே பால் ஏடு மாதிரி காய்ந்திருந்தது. பிரஷ்ஷின் பின்பக்கத்தால் குத்தினால் அடியில் பெயின்ட் ஈரமாகவே இருந்தது. இரண்டு இழுப்பு போதும்தான். ஜன்னலுக்குள் மஞ்சள் புடவை, மூக்குக்கண்ணாடி. கீழே ஏழுமலை டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் எதுவும் சொல்லவில்லை. பிரஷ்ஷை நனைக்காமலே டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

புது ஊரில் சேர்ந்த மூன்றாம் மாதம் பாப்பா நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர். பின்னால் குழந்தை எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடியில் வீடாம். பால்கனியிலிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரிகிறதாம், ஆனால் ஒருவரையும் தெரியவில்லையாம், இப்போதுதான் ஒவ்வொருவராக அடையாளம் பிடிக்கிறாராம். மருமகன் ஒரு முழு பிளைவுட் பலகை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"மொதல்ல பாப்பாவத்தான் போட்டேன் மேடம். புள்ளயத் தூக்கினு நிக்கறா" என்றார். பிறகு, "உங்களுக்கு டிரான்ஸ்பராமே. பூசிட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

"பூசிட்டேன்" என்றேன்.

"அதான் சரி" என்றார்.

தைல டப்பா இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.